பரணில் கிடக்கும் மடிக்கணினியை எடைக்குப் போடும் முன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அளித்துவந்த ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியுடன் முடிந்துவிட்டதைப் பற்றி அண்மையில் தங்கள் நாளிதழில் ஒரு கட்டுரை வெளிவந்திருந்தது. எட்டு, பத்து ஆண்டுப் பழைய கணினி வைத்திருப்போர் இனியும் காலம் தாழ்த்தாமல் புதிதாக ஒன்று வாங்கிவிடுவதே நல்லது என்று அக்கட்டுரை முடிந்திருந்தது. அதில் தரப்பட்ட தேதியும், பாதுகாப்பு பற்றிய எச்சரிக்கையும் சரியானவைதாம். முடிவு மட்டும் எனக்கு உடன்பாடானதாக இல்லை. அரசுத் தொழிற்பயிற்சி நிலையம் ஒன்றில் மின்னணுவியல் பயிற்றுநராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையிலும், வீட்டில் அப்படிப்பட்ட ஒரு பழைய கணினியை என் கையாலேயே பிரித்துச் சரிசெய்து இன்றுவரை ஓடவிட்டிருப்பவன் என்ற முறையிலும் என் அனுபவத்தை எழுத விரும்புகிறேன்.

தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பரில் தொடங்கியது என்பதைப் பலரும் அறிவார்கள். என் மகள் பிளஸ் டூ படித்த 2013ஆம் ஆண்டில் அவளுக்கும் ஒன்று கிடைத்தது. 2 ஜிபி ரேம், 320 ஜிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 7 கொண்ட 14 அங்குலக் கணினி. கல்லூரிப் படிப்பு முழுவதும் அதிலேயே ஓடியது. வேலை கிடைத்ததும் அவள் அலுவலகக் கணினிக்கு மாறிவிட, இது துணிக்கடைக் கட்டைப்பை ஒன்றுக்குள் புகுந்து பரணுக்குப் போய்விட்டது. 2024 ஜூனில் என் தங்கை மகள் பி.காம். சேர்ந்தபோது அந்தப் பையை மறுபடியும் இறக்கினோம். பொத்தானை அழுத்திவிட்டு அடுக்களைக்குப் போய் காபி கலந்து எடுத்து வந்தால், அப்போதும் திரையில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஏழு நிமிடம் கழித்து முகப்புத் திரை வந்தது. அதன் பிறகு எதைத் திறந்தாலும் ஒரு பெருமூச்சு.

தங்கை மகள் அதை அருகிலிருந்த ஒரு கணினிக் கடைக்கு எடுத்துச் சென்றாள். கடைக்காரர் இயக்கிப் பார்த்தது இரண்டு நிமிடம்கூட இராது. ஒரு திருகைக்கூடக் கழற்றவில்லை. “போர்டு வீக் ஆயிடுச்சும்மா, இதுக்கு மேல செலவு பண்ணுறது வேஸ்ட். எக்ஸ்சேஞ்சுல போடுங்க, ஆயிரம் ரூபாய் கழிச்சுக்கறோம்” என்று சொல்லி, 35,000 ரூபாய் மதிப்புள்ள புதிய கணினி ஒன்றின் விவரத்தாளைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார். அவர் ஏமாற்ற நினைத்தார் என்று நான் சொல்லமாட்டேன். பழையதைப் பிரித்து உட்கார்ந்தால் அவருக்கு அரை நாள் போகும். கிடைப்பதோ சில நூறு ரூபாய். புதியதை விற்றால் பத்து நிமிட வேலை. ஆனால் ‘போர்டு வீக்’ என்பது நோயைச் சொல்லும் சொல்லே அல்ல. சோதிக்காமல் சொல்லப்படும் தீர்ப்பு அது. அந்தத் தீர்ப்பைச் சரிபார்க்க வீட்டில் இருக்கும் ஒரு பென் டிரைவே போதும் என்பதைத்தான் இக்கடிதத்தில் முதன்மையாகச் சொல்ல வந்தேன்.

சோதனை இதுதான். 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றில், வேறொரு கணினியின் உதவியோடு, லினக்ஸ் மிண்ட் போன்ற ஓர் இலவச இயங்குதளத்தை ஏற்றிக்கொள்ள வேண்டும். ஏற்றும்போது பென் டிரைவில் முன்பிருந்தவை அழிந்துவிடும் என்பதால் அவற்றை முதலில் வேறிடத்தில் சேமித்துக்கொள்வது அவசியம். பிறகு பழைய கணினியை அணைத்து, மின்கம்பியையும் பேட்டரியையும் எடுத்துவிட்டு, அடிமூடியைத் திறந்து ஹார்டு டிஸ்க்கை வெளியே உருவிவிட்டு, மின்கம்பியை மறுபடியும் மாட்டி, பென் டிரைவைச் செருகி அதிலிருந்தே கணினியை இயக்க வேண்டும். இந்த இயங்குதளம் எதையும் நிறுவாமலேயே பென் டிரைவிலிருந்து ஓடக்கூடியது. திரை தெளிவாக வருகிறதா, விசைப்பலகையின் எல்லா எழுத்தும் விழுகிறதா, வைஃபை பிடிக்கிறதா, ஒலி கேட்கிறதா, ஒரு மணி நேரம் ஓடவிட்டால் தானாக அணையாமல் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். இவை எல்லாம் சரியாக இருந்தால், கடைக்காரர் ‘போர்டு’ என்று சொன்ன மதர்போர்டின் (பாகங்கள் அனைத்தையும் இணைக்கும் முதன்மைப் பலகை) மீது பழி போடக் காரணம் இல்லை. நோய் பெரும்பாலும் வெளியே உருவி வைத்த அந்த ஹார்டு டிஸ்க்கில்தான் இருக்கும். எங்கள் கணினி இந்தச் சோதனையில் ஒரு குறையும் இன்றித் தேறியது. இத்தனைக்கும் பென் டிரைவிலிருந்து ஓடுவது மெதுவானது. அப்படி ஓடியும் அது முன்பைவிடச் சுறுசுறுப்பாகவே இருந்தது.

இதற்குக் காரணம் எளிமையானது. மடிக்கணினிகளில் இருந்த பெரும்பாலான ஹார்டு டிஸ்க்குகளில் காந்தப் பூச்சுள்ள தட்டு நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றுகிறது. அதாவது ஒரு சுற்றுக்கு 11 மில்லி நொடி. வேண்டிய தகவல் தட்டின் எந்த இடத்தில் இருக்கிறதோ அங்கே முள் நகர்ந்து, அந்த இடம் சுற்றி வரும்வரை காத்திருந்து படிக்க வேண்டும். கிராமஃபோன் தட்டில் முள்ளைத் தூக்கித் தூக்கி வைப்பதைப் போன்ற வேலை. ஒரே பெரிய கோப்பைத் தொடர்ச்சியாகப் படிப்பதில் அதற்குச் சிரமம் இல்லை. ஆனால் கணினி தொடங்கும்போதும் பிரவுசர் திறக்கும்போதும் அங்கங்கே சிதறிக்கிடக்கும் ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளை அது தேடி ஓட வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு தேடலுக்கும் பதினைந்து மில்லி நொடி வீதம் போனால் நிமிடங்கள் கரையத்தான் செய்யும். விண்டோஸ் 10இன் டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் என்ற இடத்தில் 100 விழுக்காடு என்று சிவந்து நிற்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். எஸ்எஸ்டி எனப்படும் சேமிப்பகத்தில் சுற்றும் தட்டும் இல்லை, நகரும் முள்ளும் இல்லை. அதே தேடல் அதில் மில்லி நொடியின் பத்தில் ஒரு பங்கு அளவில் முடிந்துவிடுகிறது. ஆகவே, பழைய கணினிக்கு ஒரே ஒரு செலவுதான் செய்ய முடியும் என்றால் அதை எஸ்எஸ்டிக்குச் செய்ய வேண்டும். ரேம் கூட்டுவது அதற்கு அடுத்துத்தான். கடைகளில் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் சொல்கிறார்கள்.

பிரிக்கும் வேலை அச்சப்படுகிற அளவுக்குக் கடினமானது அல்ல, பொறுமைதான் வேண்டும். அடிமூடியின் திருகுகள் எல்லாம் ஒரே நீளமாக இருப்பதில்லை. நீளத் திருகைக் குட்டைத் திருகின் இடத்தில் முடுக்கினால் அது மேற்பக்கத்தில் துளைத்துக்கொண்டு வந்துவிடும். எனவே வீட்டிலிருந்த இட்லித் தட்டைக் கவிழ்க்காமல் வைத்து, எந்த மூலையில் கழற்றினேனோ அந்த மூலைக் குழியிலேயே திருகுகளைப் போட்டுவந்தேன். (மாலையில் அந்தத் தட்டை இரண்டு முறை கழுவித் தரும்படி ஆயிற்று.) மூடியைத் தூக்கியதும் விசிறிக்கும் செம்புத் தகடுகளுக்கும் இடையே பத்து ஆண்டுத் தூசி, தலையணைப் பஞ்சைத் தட்டிப் போட்டதைப் போல ஒரு மெத்தையாகவே படிந்திருந்தது. காற்று போக வழியே இல்லை. அதை ஊதி எடுக்கும்போது விசிறியின் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். காற்றின் வேகத்தில் அது தாறுமாறாகச் சுழன்றால் அதன் தாங்கி கெடும். வாயால் ஊதுவதும் கூடாது, எச்சில் தெறிக்கும். செயலிக்கும் (பிராசசர்) செம்புத் தகட்டுக்கும் இடையே வெப்பத்தைக் கடத்தும் பசை காய்ந்து சுண்ணாம்புப் பொருக்காக உதிர்ந்தது. அதைத் துடைத்துப் புதிய பசையைப் பட்டாணி அளவு வைத்து மறுபடியும் முடுக்கினேன். நடுவில் நின்றுபோய்க்கொண்டிருந்த கணினிகளில் பல, இந்த ஒரு வேலையாலேயே எழுந்து உட்கார்வதை என் பணிக்காலத்திலும் கண்டிருக்கிறேன்.

ஹார்டு டிஸ்க் இருந்த இடத்திலேயே சாட்டா என்ற இணைப்பு வகை கொண்ட 2.5 அங்குல எஸ்எஸ்டி பொருந்திக்கொள்ளும். பழைய டிஸ்க் 9.5 மில்லிமீட்டர் தடிமன், எஸ்எஸ்டி 7 மில்லிமீட்டர். அந்த இடைவெளியில் ஆடாமலிருக்க, கூடவே வரும் பிளாஸ்டிக் சட்டத்தை ஒட்டினால் போதும். ரேம் வாங்கும்போதுதான் கவனம் தேவை. ரேமின் தலைமுறைகளான டிடிஆர்3, டிடிஆர்4 இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் வெட்டு இருக்கும் இடம் வேறு, ஒன்றின் இடத்தில் மற்றொன்று நுழையாது. டிடிஆர்3லேயே 1.5 வோல்ட், 1.35 வோல்ட் என இருவகை உண்டு. பிந்தையதை ‘எல்’ என்ற எழுத்தைச் சேர்த்துக் குறிப்பார்கள். இருக்கும் ரேமைக் கழற்றிக் கடைக்கு எடுத்துச்சென்று அதன் மேல் ஒட்டியுள்ள சீட்டைக் காட்டி வாங்குவதே பாதுகாப்பானது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்நாளில் சில சிறு கணினிகளில் வந்த விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் பதிப்பு 2 ஜிபிக்கு மேல் ரேமைப் பயன்படுத்தாது. 32 பிட் விண்டோஸ் எதுவானாலும் வீட்டுக் கணினிகளில் 4 ஜிபியைத் தாண்டாது. இது தெரியாமல் ரேமை மட்டும் கூட்டிவிட்டு, ‘காசு கொடுத்தும் ஒரு மாற்றமும் இல்லை’ என்று நொந்துகொண்டவர்கள் எத்தனையோ பேர். இயங்குதளம் 64 பிட்டாக இருக்க வேண்டும்.

நானும் ஒரு தவறு செய்தேன். சிடி போடும் இடத்தில் பழைய ஹார்டு டிஸ்க்கை வைத்துக்கொள்ளலாம் என்று எண்ணி, அதற்கான சட்டகத்தை அளவெடுக்காமல் 12.7 மில்லிமீட்டரில் வாங்கிவிட்டேன். என் கணினியில் இருந்ததோ 9.5. முந்நூறு ரூபாய் வீண். பிறகு அந்த டிஸ்க்கை யுஎஸ்பி உறை ஒன்றில் போட்டுப் புகைப்படங்களின் நகலுக்கென்று தனியே வைத்துவிட்டோம். அந்த வீண் செலவையும் உறையையும் நீக்கிப் பார்த்தால் கணக்கு இவ்வளவுதான்: 240 ஜிபி எஸ்எஸ்டி 1,450 ரூபாய், பயன்படுத்திய 4 ஜிபி ரேம் 550, பேட்டரி 1,700, தேதியையும் நேரத்தையும் நினைவில் வைத்திருக்கும் பொத்தான் பேட்டரி 40, பசை 150, ஆக 3,890 ரூபாய். ஏழு நிமிடம் எடுத்துக்கொண்ட கணினி இப்போது அரை நிமிடத்துக்குள் தயாராகிவிடுகிறது. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களுக்கான தேவை பெருகியதால் 2025இன் பிற்பகுதியிலிருந்து நினைவகச் சிப்களின் விலை ஏறிவிட்டது. இன்று இதே பொருட்களுக்குக் கூடுதலாகவே ஆகும். ஆனால் அந்த விலையேற்றம் புதிய கணினிகளையும் விடவில்லை என்பதால் பழையதைச் சரிசெய்வதற்கான நியாயம் கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை. ஒரே ஓர் எச்சரிக்கை: நம்ப முடியாத விலைக்கு 1 டிபி, 2 டிபி என்று விற்கப்படும் எஸ்எஸ்டிகள் பெரும்பாலும் போலி. ரசீதும் மூன்று ஆண்டு வாரண்டியும் தரும் கடையிலேயே வாங்க வேண்டும்.

இனி, தங்கள் கட்டுரை எழுப்பிய பாதுகாப்புக் கேள்விக்கு வருகிறேன். விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் ஏறத்தாழ எட்டாம் தலைமுறைக்கு மேற்பட்ட செயலியும் வேண்டும் என்பது நிறுவனத்தின் நிபந்தனை. 2017க்கு முந்தைய கணினிகள் அநேகமாக எல்லாமே இதனால் வெளியே நின்றுவிட்டன. குறுக்கு வழியில் ஏற்ற முடியும் என்றாலும், அடுத்தடுத்த மேம்பாடுகள் வரும் என்பதற்கு உறுதி இல்லாததால் நான் அதைப் பரிந்துரைக்கமாட்டேன். விண்டோஸ் 10இலேயே இருக்க வேண்டியவர்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கின் வழியே பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்களைப் பெறலாம் என்பதைக் கட்டுரையாளர் குறிப்பிடாமல் விட்டது வியப்பாக இருந்தது. நாங்கள் அந்த வழியில் போகவில்லை. லினக்ஸ் மிண்டின் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை எஸ்எஸ்டியில் நிறுவிக்கொண்டோம். பிரவுசர், ஆவணங்களுக்கான இலவச லிபரே ஆபீஸ், தமிழ்99 விசைப்பலகை மூன்றும் இருந்தால் ஒரு கல்லூரி மாணவியின் தேவையில் பெரும்பகுதி நிறைவேறிவிடுகிறது. குறையே இல்லை என்று சொல்லவும் மாட்டேன். பி.காம். பாடத்துக்கான டேலி என்ற கணக்குப்பதிவு மென்பொருள் அதில் நேரடியாக ஓடாது. அதற்குக் கல்லூரி ஆய்வகத்தைத்தான் நம்பியிருக்கிறாள். பழைய வானவில் எழுத்துருவில் தட்டச்சான கோப்புகளை ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது.

விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸுடன், ஒன்றிய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் என்ற இந்திய லினக்ஸும் சேர்த்தே தரப்பட்டது நினைவிருக்கலாம். அதை ஒரு நாளாவது திறந்து பார்த்த மாணவர்கள் குறைவு. பள்ளியில் அதைச் சொல்லித்தர ஆளும் இல்லை. ‘அது இடத்தை அடைக்கிறது’ என்று அழித்துவிட்டு, முந்நூறு ரூபாய்க்குத் திருட்டு விண்டோஸ் போட்டுத் தந்த கடைகளே அதிகம். உரிமத்தை ஏமாற்றுவதற்காகக் கூடவே ஏற்றப்படும் அந்தச் சிறு மென்பொருள்களில் வைரஸ் ஒளிந்திருப்பது சாதாரணம். வங்கிக் கணக்கு திறக்கும் கணினியில் அதைப் போட்டுக்கொள்வது, ஆதரவு முடிந்த விண்டோஸை வைத்திருப்பதைவிட ஆபத்தானது என்பது என் கருத்து.

எல்லாக் கணினியும் பிழைக்கும் என்று நான் வாதிடவில்லை. பென் டிரைவ் சோதனையிலேயே திரை கருத்து நின்றாலோ, சூடேறியதும் கோடு கோடாக வந்தாலோ, மதர்போர்டில் கோளாறு இருக்கக்கூடும். ‘சிப் லெவல் சர்வீஸ்’ என்று நான்காயிரம், ஐந்தாயிரம் கொடுத்து ஒரு மாத வாரண்டியில் வாங்கி வருவதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. அந்தப் பணத்தைப் புதியதுக்கு வைத்துக்கொள்ளலாம். பேட்டரி உப்பியிருந்தால் எக்காரணம் கொண்டும் அதைக் குத்தவோ, அழுத்தவோ, குப்பையில் போடவோ கூடாது. மின்னணுக் கழிவுக்கென 2023 ஏப்ரல் முதல் புதிய விதிகள் நடைமுறையில் உள்ளன. பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் சேர்க்க வேண்டும். பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போடப்படும் கணினி எங்கே கொளுத்தப்படுகிறது என்று நமக்குத் தெரியாது.

இது தனி வீட்டு விவகாரம் மட்டுமல்ல என்பதால் அரசுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. 2011 முதல் லட்சக்கணக்கில் வழங்கப்பட்ட மடிக்கணினிகளில் எத்தனையோ இன்னும் பரணிலும் அலமாரிக்கு மேலும் கிடக்கின்றன. அவற்றைத் தமிழக அரசின் மின்னணு நிறுவனமான எல்காட் மாடல் வாரியாக வாங்கியதால், ஒரே வகைக் கணினி பல ஆயிரம் வீடுகளில் இருக்கிறது. ஒன்றுக்கு எழுதிய குறிப்பு அனைத்துக்கும் உதவும். எந்த மாடலுக்கு எந்த ரேம், எத்தனை இடம், எந்த பேட்டரி எண் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கத்தில் எல்காட் தமிழில் வெளியிட்டாலே பாதி வேலை முடிந்துவிடும். கல்லூரிகளில் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் கிராமங்களில் ஏழு நாள் சிறப்பு முகாம் நடத்துகிறார்கள். அதில் ஒரு நாளை, அருகிலுள்ள தொழிற்பயிற்சி நிலையத்தின் கணினி வன்பொருள் பிரிவு மாணவர்களோடு சேர்ந்து, ஊர்க்காரர்களின் பழைய மடிக்கணினிகளைச் சோதித்துத் தூசி தட்டித் தருவதற்கு ஒதுக்கலாம். உதிரிப்பாகத்தின் விலையை வீட்டார் கொடுத்துவிடுவார்கள். கைப்பழக்கம் மாணவர்களுக்குக் கிடைக்கும். பாடப்புத்தகத்தில் படம் பார்த்தே ரேம் மாட்டக் கற்கும் மாணவர்களை நான் முப்பது ஆண்டுகள் பார்த்து வந்திருக்கிறேன்.

2025-26 நிதிநிலை அறிக்கையில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினியோ கைக்கணினியோ வழங்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. அவற்றுக்கான கொள்முதல் நிபந்தனைகளில், ரேமையும் எஸ்எஸ்டியையும் பேட்டரியையும் சாதாரணத் திருப்புளியால் கழற்றி மாட்ட இயல வேண்டும் என்ற வரி இடம்பெற வேண்டும். இன்றைய மெல்லிய கணினிகள் பலவற்றில் ரேம் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கிறது. அது பழுதானால் போர்டையே மாற்ற வேண்டும், கூட்ட நினைத்தாலும் முடியாது. ஒன்றிய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் ‘பழுதுபார்க்கும் உரிமை’க்கென இணையதளம் ஒன்றைத் தொடங்கியது. அந்த உரிமை கடையில் அல்ல, கொள்முதல் ஒப்பந்தத்தில்தான் முதலில் காக்கப்பட வேண்டும். 2013இல் கொடுக்கப்பட்ட கணினியை 2024இல் ஓர் இட்லித் தட்டின் துணையோடு என்னால் பிரித்துச் சரிசெய்ய முடிந்தது. இப்போது கொடுக்கப்படுவதை 2036இல் யாராவது அப்படிப் பிரிக்க முடியுமா என்பதைத் துறை அதிகாரிகள் ஒரு கணினியைத் திறந்து பார்த்துச் சொன்னால் நன்றாக இருக்கும்.

தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில், மேலே சொன்ன பென் டிரைவ் சோதனையைப் படங்களுடன் வெளியிட இடம் கிடைக்குமானால், அதற்கு வேண்டிய புகைப்படங்களை எடுத்து அனுப்பித் தர அணியமாக இருக்கிறேன். தங்கை மகளின் கணினியில் இடப்பக்கக் கீல் சற்றே தளர்ந்திருக்கிறது. எப்படியும் வரும் விடுமுறையில் அதை மறுபடியும் பிரிக்கத்தான் வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வு பெற்ற தொழிற்பயிற்சி நிலையப் பயிற்றுநர்,
கும்பகோணம்.